திண்டிவனத்தில் வத்திக்குச்சி மீன்

மீன் கடை என்று எதைத் திறந்தாலும், முதல் வாரம் வருகிறவர்களில் பாதிப் பேர் வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் பலகையில் 'வண்ண மீன்கள்' என்று பெரிதாக எழுதி வைத்தேன். அதன் பிறகு சங்கரா இருக்கிறதா என்று கேட்டார்கள், அது சிவப்பாக இருக்கும் என்பதால். நீங்கள் பாத்திரக் கடையோ, போன் கவர் கடையோ, எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நாம் என்ன விற்கிறோம் என்பதை நாம் மட்டும் முடிவு செய்வதில்லை.

நான் விலங்கியல் படித்தவள். ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடம் பாடம் நடத்தினேன். அந்தப் பிரிவில் சேர ஆள் வராமல் போனதும் வகுப்பையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இந்தக் கடை. தொட்டிகளைச் செய்து தருபவர் அந்தோணி. கண்ணாடி அறுப்பதிலும் ஒட்டுவதிலும் அவர் கை தவறி நான் பார்த்ததில்லை. என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நாங்கள் வைத்துக் கொடுத்த தொட்டிகளுக்கு வாரம் ஒருமுறை நான் போய்த் தண்ணீர் மாற்றிவிட்டு வருவேன். கடை ஓடுவது தங்க மீனாலும் கப்பி என்ற குட்டி மீனாலும்தான். ஆனால் இங்கே எழுதுவது கடல் தொட்டி மீன்களில் ஒரே ஒரு வகையைப் பற்றி.

பெயர் வைத்தவர்

பவளப்பாறையில் வாழும் மீன் அது. விரல் நீளம்தான் இருக்கும். தலைப்பக்கம் வெண்மையும் இளமஞ்சளும், நடுவிலிருந்து வால் வரை நெருப்புச் சிவப்பு. முதுகில் ஒரு நீண்ட முள் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும்; அதை அடிக்கடி தூக்கித் தாழ்த்திக்கொண்டே இருக்கும். பாறையில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு சாண் மேலே தண்ணீரில் அசையாமல் நிற்கும். நிழல் பட்டால் போதும், பொந்துக்குள் போய்விடும். வியாபாரத்தில் இதற்கு ஃபயர் ஃபிஷ் என்று பெயர். சென்னையிலிருந்து முதல் ஜோடி வந்தபோது, இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைத்துத் தொட்டியில் ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. செந்தீ மீன், சுடர் மீன் என்று ஒரு தாளில் ஏழெட்டுப் பெயர் எழுதினேன்.

அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என் தாளையும் வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து அடியில் 'வத்திக்குச்சி' என்று எழுதிக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அடுத்த நாளிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். ஏன் இந்தப் பெயர் என்று நான் விசாரித்தபோது அவர் சொன்னார்:

"நனைஞ்ச வத்திக்குச்சி பத்தாதுன்னு சொல்வாங்க டீச்சர். இது தண்ணிக்குள்ளயே பத்திக்கினு நிக்குது."

விழுப்புரம் வரை போன பெட்டி

எங்களுக்கு மீன் பஸ்ஸில்தான் வரும். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் நிரப்பி, இறுக்கிக் கட்டி, தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, சென்னையில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். திண்டிவனம் பைபாஸில் பஸ் ஒரு நிமிடம் நிற்கும்போது நான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சித்திரை மாதத்தில் கண்டக்டர் பெட்டியை மறந்து விசில் கொடுத்துவிட்டார். நான் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் போனேன். வழி முழுக்க, அனலில் அந்தப் பெட்டி என்ன ஆகியிருக்கும் என்றே நினைப்பு ஓடியது.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஒரு அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரை மூட்டை வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் அவருக்கு. மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர், திண்டிவனத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். பெட்டியின் மூடி திறந்திருந்தது. பையின் மேல் அவருடைய ஈரத் துண்டு. நல்லவேளையாகப் பையின் கட்டை அவிழ்க்கவில்லை. உள்ளே மீன் நலமாக இருந்தது. ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். திருப்பி அனுப்ப டிக்கெட் எடுத்துக் கொடுக்கப் போனபோது வாங்கவும் மறுத்துவிட்டார்.

"மூச்சு முட்டுமேன்னு மூடியத் தொறந்தேம்மா. அது வழியெல்லாம் என்னையே பாத்துக்கினு வந்துச்சு, நடுவுல எப்படி உட்டுட்டு எறங்கறது?"

கலர்

திருவிழாக் கடைகளில் சாயம் ஏற்றிய மீனை விற்பதைப் பார்த்துப் பார்த்து மக்களுக்கு நிறத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வத்திக்குச்சியை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இது இயற்கை நிறம்தான், கடலிலேயே இப்படித்தான் இருக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் தொட்டித் தண்ணீரில் தன் வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மொத தண்ணிக்கு எதுவும் போவாது மேடம். மூணாவது தண்ணியிலதான் தெரியும்."

பல் டாக்டரின் வரவேற்பறை

விழுப்புரத்தில் ஒரு பல் மருத்துவர் தன் வரவேற்பறைக்கு ஒரு தொட்டி கேட்டார். காத்திருக்கிறவர்களின் பயம் தணியுமாம். இரண்டு மாதம் கழித்து, தொட்டியை எடுத்துவிட முடியுமா என்று போன் செய்தார். மீன் செத்துவிட்டதா என்று கேட்டேன். மீன் நன்றாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

அடுத்த முறை தண்ணீர் மாற்றப் போனபோது பார்த்தேன். நான் தொட்டியில் கை விட்டதும் வத்திக்குச்சி பொந்துக்குள் போய்விட்டது. ஏழெட்டுப் பேர் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த ஒருவர், கொத்தனார், ஒரு கன்னம் வீங்கி ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தது. அவர் பெயரை நர்ஸ் மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டி, நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அவருக்கு அடுத்த நான்கு பேர் உள்ளே போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பியும் விட்டார்கள். கடைசியில் டாக்டரே வெளியே வந்து நின்றார். கொத்தனார் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், மரியாதையாகத்தான் சொன்னார்:

"அது வெளிய வரட்டும் சார், நான் உள்ள வர்றேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது பயமில்லாம இருக்கணும்ல."

சேர்த்து வைத்தவர்

ஜோடியாகப் பிடித்த வத்திக்குச்சிகள் ஒரே பொந்தில் காலம் முழுக்க இருக்கும். ஆனால் தனித்தனியாகப் பிடித்த இரண்டை ஒரு சிறிய தொட்டியில் விட்டால், ஒன்று மற்றொன்றைச் சாகும்வரை துரத்தலாம். இதில் எது ஆண், எது பெண் என்று வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது. இதையெல்லாம் நான் ஒரு வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் திண்டிவனத்தில் கல்யாணத் தரகர். ஒற்றை மீன் வைத்திருந்தார். அது தனியாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, இன்னொன்று வேண்டும் என்றார். என் விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, தன் அனுபவத்தில் இதைவிடக் கஷ்டமான இடங்களையெல்லாம் முடித்திருப்பதாகச் சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது பையோடு வாசலில் நின்றார். புது மீனின் வால் கிழிந்திருந்தது. முதுகு முள் பாதியில் ஒடிந்திருந்தது. பழைய மீன் அதைத் தொட்டியின் ஒரு மூலைக்கே தள்ளி நிறுத்திவிட்டதாம். அவர் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. மீனைத் தனித் தொட்டியில் விட்டேன். மூன்று வாரத்தில் வால் வளர்ந்துவிட்டது. ஆனால் பையோடு வந்த அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது சொன்னார்:

"ரெண்டு பக்கமும் விசாரிக்காம பண்ணி வச்சிட்டேன். மனுசங்கன்னா நாலு வருசம் கழிச்சித்தான் நம்மள வந்து கேப்பாங்க, இதுங்க மறுநாளே காட்டிடுச்சிங்க."

உப்பு ஆழ்குழாய்

பெருமுக்கல் தாண்டி மரக்காணம் பக்கமாக இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். மூன்று ஏக்கர் சொந்த நிலம். சில வருடங்களாக ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பேறிக்கொண்டே வந்து, இப்போது நெல் முளைப்பதில்லை. கேப்பை போட்டுப் பார்த்தார், அதுவும் நுனி கருகியது. என் கடையில் உப்புத் தண்ணீரில் வாழும் மீன் நல்ல விலைக்குப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிலத்தில் பாதியைக் குளமாக வெட்டி வத்திக்குச்சி வளர்க்கலாமா என்பது அவர் கேள்வி. விளையாட்டாகக் கேட்கவில்லை. பேத்தியின் நோட்டில் குளத்தின் படமெல்லாம் வரைந்து கொண்டுவந்திருந்தார்.

உப்பின் அளவைப் பார்க்கும் கருவியில் அவர் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். பயிருக்கு அது விஷம். ஆனால் கடலின் உப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மீன் அதில் ஒரு மணி நேரம் தாங்காது. தவிர, இதைக் குளத்தில் விட்டு வளர்க்கவும் முடியாது. இதையெல்லாம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரையும் கருவிக்குள் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். உப்பு நீரில் வளரும் வேறு மீன்களைப் பற்றி மீன்வளத் துறையில் விசாரிக்கும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாட்டில்களை என் வாசலிலிருந்த வேப்பங்கன்றில் ஊற்றப் போனவர், கையை நிறுத்திச் சாக்கடையில் ஊற்றினார்.

"பயிருக்கு உப்பு ஜாஸ்தி, மீனுக்கு உப்பு கம்மி. என் தண்ணி யாருக்குமே தோதுப்படல மேடம்."

மேல்சித்தாமூர் வாத்தியார்

மேல்சித்தாமூரைச் சேர்ந்த ஒரு சமண ஆசிரியர், ஓய்வு பெற்றவர், மாதம் ஒருமுறை மருந்து வாங்கத் திண்டிவனம் வருவார். வரும்போதெல்லாம் கடைக்குள் வந்து கடல் தொட்டிக்கு முன்னால் நிற்பார். எதையும் தொடமாட்டார், கண்ணாடியில் விரல் வைத்துத் தட்டமாட்டார். என் வாழ்க்கையில் கண்ணாடியைத் தட்டாத ஒரே மனிதர் அவர்தான். ஒருநாள், இது என்ன சாப்பிடும் என்று கேட்டார். உறையவைத்த சின்ன இறால் குஞ்சு என்றேன். செடி, பாசி, மாவு எதையாவது கொடுத்துப் பழக்க முடியாதா என்றார். முடியாது, கடையில் விற்கும் உருண்டைத் தீனியிலும் மீன் தூள்தான் இருக்கிறது என்று சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் அன்றே ஒரு தொட்டி விற்றிருப்பேன். அவர் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

அதற்கப்புறம் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் வந்து அதே இடத்தில் நின்றார். நான் தீனி போடுகிற நேரம். சற்றுப் பொறுங்கள், நீங்கள் போன பிறகு போடுகிறேன் என்றேன். வேண்டாம், போடுங்கள் என்று தலையசைத்துவிட்டுக் கதவு வரை போனவர், அங்கே நின்று சொன்னார்:

"பசிக்கிறது அதோட தப்பு இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அந்தப் பசிய நான் வாங்கிக்கிட்டா, அப்பதான் தப்பு."

புயலுக்குப் பிறகு

ஒரு கார்த்திகையில் புயல் கரை கடந்து, எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கடல் தொட்டியில் காற்று நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிடும். பேட்டரி மோட்டார் இரண்டு இருந்தன. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் ஜெனரேட்டர் எங்கும் கிடைக்கவில்லை. பேட்டரியில் மிச்சமிருப்பதை இரவுக்கு என்று ஒதுக்கிவிட்டு, பகலில் நானும் அந்தோணியும் மாறி மாறிச் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். முதல் நாள் மத்தியானத்துக்குள் என் தோள் மரத்துவிட்டது. முதலில் போனது ஒரு பட்டாம்பூச்சி மீன். அப்புறம் இரண்டு நீல மீன்கள். நான் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் எட்டிப் பார்த்தார். இது பேஜாரு பிடித்த வேலை, இப்படிச் செய்தால் ரெண்டு பேரும் படுத்துடுவீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் டியூபுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் குழாயை, தொட்டிக்குள் குமிழ் விடும் எங்கள் காற்றுக் கல்லோடு அந்தோணி ஒட்டிக் கொடுத்தார். பாய் அடிக்க அடிக்கத் தொட்டியில் குமிழ்கள் எழுந்தன. அன்று மாலை வரைக்கும் அடித்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் தன் கடையைத் திறந்ததும் இங்கே வந்துவிட்டார். தொட்டியில் பாதி மீன் போய்விட்டது. மூன்றாம் நாள் கரண்ட் வந்து விளக்கு எரிந்தபோது, வத்திக்குச்சி ஜோடி பொந்திலிருந்து மெதுவாக வெளியே வந்து வழக்கமான இடத்தில் நின்றது. பாய் பம்பை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"முப்பது வருசமா காத்தடிக்கிறேன். பஞ்சர் ஒட்டாம நேரா உசுருக்கே காத்தடிச்சது இப்பதான்."

ஒரு வார்த்தை

விழுப்புரத்தில் பாண்டி ரோட்டை ஒட்டிய ஒரு வீடு. கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அப்பா பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது இருக்கட்டும் என்று அவன் ஏற்பாடு செய்த தொட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துக் கொடுத்தோம். ஒரே ஒரு வத்திக்குச்சி. அவர் மனைவி சாந்தி அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். மூன்றாவது வாரம் நான் போனபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். மீன் முதுகு முள்ளைத் தூக்கும்போதெல்லாம், போர்வைக்கு மேல் கிடந்த அவருடைய வலது ஆள்காட்டி விரல் கொஞ்சமாக எழும்பித் தாழ்ந்தது. டாக்டர் சொல்லிக் கொடுத்த எந்தப் பயிற்சியையும் அவர் செய்ததில்லையாம்.

நான்கைந்து மாதம் போயிருக்கும். தீனி போடத் திறந்த மூடியைச் சாந்தி அம்மா சரியாக மூடாமல் வேலைக்குப் போய்விட்டார். இந்த மீன் வெளியே குதிக்க ஒரு விரற்கடை இடைவெளி போதும். அவர் திரும்பி வந்தபோது அது கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை என்று போனில் அழுதார். அடுத்த பஸ்ஸில் இன்னொரு வத்திக்குச்சியோடு போனேன்; அதே நீளம், அதே நிறம். அவர் எழுவதற்குள் விட்டுவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து மறுபடி போன். விரல் அசையவே இல்லை. அன்று காலை கஞ்சி ஊட்டும்போது தொட்டியைப் பார்த்து, "வேற" என்று சொல்லிவிட்டாராம். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அது குதித்துச் செத்துவிட்டது, இது புதிது, உங்களிடம் சொல்லாதது எங்கள் தப்பு என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாடம் நடத்திய காலத்தில்கூட ஒருவர் பதிலுக்கு நான் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. பிறகு கண்ணைத் திறந்து புது மீனைப் பார்த்தார். அது முள்ளைத் தூக்கியது. கொஞ்சம் தாமதித்து விரலும் எழுந்தது. சாந்தி அம்மா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னார்:

"ஏமாத்தினோமேன்னு வெக்கமா இருக்குது மேடம். ஆனா இன்னொரு வாட்டி ஏமாத்தினா இன்னொரு வார்த்த வருமான்னும் தோணுது."

கடல்காரர்

எங்களுக்குக் கடல் தண்ணீர் கொண்டுவருபவர் ராஜவேலு. மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். கரைத் தண்ணீர் கலங்கல் என்று, படகில் உள்ளே போய் மொண்டு, கேன்களில் நிரப்பி மினி வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு வருடமாகத் தண்ணீரை இறக்கிவிட்டு வாசலோடு போய்விடுவார். தொட்டியைப் பார்க்க வந்ததில்லை. நாள் முழுக்கக் கடலையே பார்க்கிறவருக்கு இதில் என்ன இருக்கும் என்று நானும் கூப்பிடவில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர் வத்திக்குச்சியைப் பார்த்துவிட்டார். நம் கடலில் இதை அவர் கண்டதே இல்லை. எங்கே பிடித்தது, எதில் பிடித்தது, வலையா தூண்டிலா என்று வரிசையாகக் கேட்டார்.

பவளப்பாறை இருக்கும் தீவுகளின் பக்கம், ஆட்கள் முங்கிப் போய்ச் சின்ன வலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வழியில் எத்தனை சாகும் என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். அது உண்மைதான், ஆனால் தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை என்பதும் உண்மை. அந்த வாரம் சப்ளை செய்கிறவருக்குப் போன் போட்டு, பண்ணையில் பொரித்து வளர்த்த கடல் மீன்களில் என்னென்ன வகை கிடைக்கும் என்று விசாரித்தேன். வத்திக்குச்சி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குப் பிறகு புதிதாக அதை வரவழைக்கவில்லை. இருக்கும் ஜோடியையும் விற்பதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அன்று மழை விட்டதும், காலி கேன்களைத் தூக்கிக்கொண்டு ராஜவேலு சொன்னது அப்படி:

"நாங்க புடிச்சா அதோட கத அன்னிக்கே முடிஞ்சிடும் மேடம். நீங்க தெனமும் புடிச்சிக்கினே இருக்கீங்க."

கடல் இல்லாத ஊரில் கடல் மீன் விற்று நான் கண்டது என்னவென்றால், மீனுக்கு வேண்டிய உப்பையும் சூட்டையும் அளக்கக் கருவி இருக்கிறது; ஆனால் மீனைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிட்டுப் போகும்வரை கல்லாவில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.